அரசிதழில் வந்த பேர்

சட்டமன்றத்தில் எவரோ ஓர் உறுப்பினர் சபையைச் சாக்கடை என்று திட்டிவிட, சபாநாயகர் அந்தச் சொல்லை அவைக்குறிப்பிலிருந்து நீக்கினார். புதுச் சட்டப்படி, அவையில் நீக்கிய சொல் எந்த அரசாங்க மெஷினிலும் ஏறாது.

காஞ்சனாவின் புருஷன் முனிரத்தினம் செத்ததோ, அடைப்பெடுக்க இறங்கிய சாக்கடைக்குள். இறப்புச் சான்றிதழ் வாங்க அவள் போன ஆபீஸில், குமாஸ்தா அந்தச் சொல்லை மூன்று முறை தட்டச்சடித்துப் பார்த்தார். சான்றிதழில் 'இறந்த இடம்' என்ற கட்டம் காலியாகவே அச்சாகி வந்தது.

"நிலத்தடி நீர்வழின்னு போட்டுக்கலாம்மா. கௌரவமா இருக்கும்," என்றார்.

"நீர்வழியா? அவரு என்ன படகுலயா போனாரு? உங்க கௌரவத்தை நீங்களே வெச்சுக்குங்க. ஆமா, ஆளுங்க பேரையும் இந்த மெஷின் அழிக்குமா?"

"பேர்ல யாரும் கை வைக்க முடியாதும்மா. அரசிதழ்ல வந்துட்டா அதுதான் பேரு."

காஞ்சனா அங்கேயே பெயர்மாற்ற விண்ணப்பம் வாங்கி, கொட்டை எழுத்தில் நிரப்பிக் கொடுத்தாள்.

அரசிதழ் வெளிவந்த மறுவாரம், அதே ஆபீஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கூடம் நிறைய ஜனம். ஒலிபெருக்கி ஓர் எழுத்தைக்கூட விழுங்காமல் கூப்பிட்டது:

"சாக்கடையில் செத்த முனிரத்தினம் மனைவி காஞ்சனா, மூன்றாம் கவுன்ட்டர்!"

கூடமே திரும்பிப் பார்த்தது. குமாஸ்தா பதறி எழுந்து, சீக்கிரம் வரச் சொல்லிக் கையை ஆட்டினார். காஞ்சனா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"சரியா காதுல விழல சார். இன்னொரு வாட்டி கூப்பிடச் சொல்லுங்க."