இரண்டு விரல் துணி

குவாஷி பட்டைகளை அறுத்ததும் பழந்துணிக் கட்டான பேலுக்குள் அமுங்கிக் கிடந்த துணிகள் உப்பி மேலே எழுந்தன.

லாமிலே கறுப்புப் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இந்தக் கறுப்பு இனி ஞாயிற்றுக்கிழமைவரைதான். அன்று விதவைக் காலம் முடிந்து, துக்கம் தீர்ந்த அடையாளமாக அவள் வெள்ளை உடுத்துவாள். மறுநாளே வழக்கப்படி ஸ்நாப்ஸ் சாராய பாட்டில்களோடு போய் அவள் அப்பாவிடம் பெண் கேட்கப்போவதாகக் குவாஷி சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். பாட்டில்கள் தையல் மிஷினுக்கு அடியில் தயாராக இருந்தன.

இத்தாலியிலிருந்து வந்த மட்டமான பேல். கிழிசலும் கறையும்தான் இருக்கும். கான்டமாண்டோ சந்தையில் வேறு யாரும் வாங்கமாட்டார்கள். இவர்கள் வாங்காவிட்டால் நேராகக் கடற்கரைக் குப்பைக்குப் போகும். இதை வெட்டி ஒட்டித்தான் லாமிலே கோட்டுகள் தைத்தாள். லாகோஸிலும் ஜோகன்னஸ்பர்கிலும் அவள் பெயர் போட்ட கோட்டுக்குக் காத்திருந்து வாங்கினார்கள்.

குவாஷி ஒரு பெரிய கால்சட்டையை உருவி, அதன் ஒரே காலுக்குள் தன் இரண்டு கால்களையும் விட்டு நின்றான்.

"மேடம், இந்தச் செத்த வெள்ளைக்காரன் நல்லாத் தின்னுட்டுத்தான் செத்திருக்கான். நாம ரெண்டு பேரும் இதுக்குள்ளயே குடித்தனம் பண்ணலாம்."

"உன் வாய்க்கு ஒரு ஜிப்பு வைக்கணும்டா."

"திங்கக்கிழமைக்கு அப்புறம் வை. இப்ப பேச விடு."

அக்ராவில் இந்தத் துணிகளுக்கு அதுதான் பெயர். செத்த வெள்ளைக்காரன் துணி. உயிரோடு இருப்பவன் இவ்வளவு நல்ல துணியைத் தூக்கிப் போடமாட்டான் என்று எந்தக் காலத்திலோ யாரோ முடிவு கட்டியிருந்தார்கள்.

அடுத்து வந்தது ஒரு கோட்டு.

ஒட்டுத் துணிகள். நீல ஜீன்ஸ், சிவப்புத் திரைச்சீலை, காலரில் பச்சை. லாமிலே அதைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். உள்துணி கோதுமை மாவுச் சாக்கு. பாதி எழுத்துகள் மங்கித் தெரிந்தன.

சாக்கை உள்துணியாக வைத்து அவள் தைத்தது ஒரே ஒரு கோட்டு. முதல் கோட்டு. நல்ல துணி வாங்க அன்று வழியில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் புருஷன் ஆர்மா பாலைவனம் தாண்டி லிபியாவுக்குப் போனான். அங்கிருந்து இத்தாலிக்குப் படகு ஏறினான். படகு கவிழ்ந்தது என்று ஒரு போன் வந்தது. உடல் வரவில்லை. சில வருஷம் காத்துப் பார்த்துவிட்டு, போன வருஷம்தான் அவனுடைய பழைய செருப்பைப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள்.

சந்தையின் இரைச்சல் அவள் காதில் விழவில்லை. கை மட்டும் கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

குவாஷி கால்சட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தான். அவனுக்கும் அந்தச் சாக்கு தெரியும். அந்தக் கோட்டுக்குத் துணி வெட்டியவனே அவன்தான்.

"பொணத்துலேர்ந்து எவனாவது கழட்டியிருப்பான்," என்றான்.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று லாமிலே ஆசைப்பட்டாள். புருஷன் செத்துத்தான் போயிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம் என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

கோட்டை மூக்கில் வைத்தாள். உப்பு நாற்றம் இல்லை. சோப்பு வாசனை.

மூன்றாவது பொத்தானைத் தேடினாள். பேசும்போதெல்லாம் ஆர்மா அதைத்தான் திருகுவான். திருகித் திருகிப் பிய்த்துவிடுவான். அவள் வைத்தது கறுப்புப் பொத்தான். இப்போது இருந்தது பழுப்பு. யாரோ புதிதாக வைத்தது. அதுவும் திருகித் திருகி நூல் தொங்கிப்போய் இருந்தது.

குவாஷியும் அதைப் பார்த்தான்.

லாமிலே பக்கத் தையலை விரலால் தடவினாள்.

எல்லாக் கோட்டிலும் அவள் இரண்டு பக்கமும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பாள். ஆள் பெருத்தால் தையலைப் பிரித்து அகலப்படுத்திக்கொள்ளலாம். ஒருவனுக்கு ஆயுசுக்கும் ஒரு கோட்டு போதும். வாங்குகிறவர்களிடம் அவள் சொல்வது அதுதான். ஆர்மா போகும்போது எலும்பும் தோலுமாக இருந்தான். அவனுக்கு எதற்கு இது என்று அப்போது குவாஷிகூடச் சிரித்தான்.

விட்டிருந்த துணி உள்ளே இல்லை. இரண்டு பக்கமும் பிரித்து விட்டிருந்தார்கள். கடைசி இழைவரை.

அப்படியும் போதாமல் போயிருக்கிறது. அப்புறம்தான் தூக்கிப் போட்டிருக்கிறான்.

அவள் தையலை வெளிச்சத்தில் பிடித்தாள். கைத்தையல். பொடிப்பொடியாக, ஒரே அளவில், ஓரத்தை மடித்து, ஓர் இழைகூடப் பிசிராமல். அவசரமில்லாத கை. தன் வீட்டில் உட்கார்ந்து தைத்த கை.

ஆர்மாவுக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது.

"ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்துக் குவாஷி நிறுத்திவிட்டான். அவன் பார்வை மிஷினுக்கு அடியில் போய்விட்டு வந்தது.

லாமிலே பிளேடை எடுத்தாள். பிறகு கோட்டை மடியில் விரித்துப்போட்டு, பக்கத் தையலின் முதல் முடிச்சில் பிளேடை வைத்தாள்.

"வெள்ளைதான் உடுத்துவேன்," என்றாள். "நீ அடுத்ததை எடு."

நல்ல தையல். பிரிக்க நேரம் பிடித்தது.