சைக்கிள் முந்திய கார்

“ரெண்டு டர்போல ஒண்ணைக் கழட்டி வித்துட்டீங்களாக்கா?”

சர்வீஸ் செய்து கொடுத்த பட்டறைக்கே காரைத் திரும்பக் கொண்டுவந்து, இறங்கும்போதே மகன் கத்தினான். பின்னாலேயே அப்பா.

“மேட்டுல ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போறார்மா. போறவர் சும்மா போகாம, தள்ளி விடணுமான்னு வேற கேட்கறார்.”

எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டுகிற டர்போ, அந்தக் காரில் ஒன்றுக்கு இரண்டு. அதற்காகவே அப்பாவும் மகனும் ஆசை ஆசையாக வாங்கிய கார்.

மெக்கானிக் அக்கா பானெட்டைத் திறந்தார். இரண்டு டர்போவும் பக்கத்துக்கு ஒன்றாகப் பத்திரமாக இருந்தன.

“அப்ப ஏன் இழுக்கலை?” என்றார் அப்பா.

அக்கா துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

பெஞ்சில் ஒரு கண்ணாடிக்காரர், தன் காரை முதல் தடவையாக இங்கே சர்வீஸுக்கு விட வந்தவர். ‘திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நிக்கறாங்களே’ என்று நினைத்தவர், மேசையில் வைத்த சாவியை மெல்ல எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அக்கா அதைப் பார்த்தார். நாலு பேர் இப்படிக் கிளம்பினால் பட்டறைக்குப் பூட்டுதான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா தண்ணீர் குடிக்க நகர்ந்தார். மகன் அக்கா பக்கம் குனிந்தான்.

“அப்பாவுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லை, அவருக்குத் தெரியாம டர்போ அழுத்தத்தைப் பாதியாக் குறைங்கன்னு நான்தான் சொன்னேன். ஒத்துக்கறேன். அதுக்காக இவ்வளவா?”

“சரி பண்ணிடறேன் தம்பி.”

அவன் போன் பேச வாசலுக்குப் போனதும் அப்பா டம்ளரும் கையுமாக ஓடி வந்தார்.

“ஏம்மா, பையன் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டறான், அவனுக்குத் தெரியாம பாதியாக் குறைங்கன்னுதானே சொன்னேன்? இப்படியா?”

“பாதியே வச்சுடறேன் சார்.”

அக்கா லேப்டாப்பைக் காரில் மாட்டி, பாதியில் பாதியாகிக் கிடந்த அழுத்தத்தில் ஒருவர் குறைக்கச் சொன்னதை மட்டும் திரும்பக் கூட்டினார். மகன் திரும்பி வந்ததும் இருவரிடமும் பொதுவாகச் சொன்னார்: “என் தப்புதான். கவனிக்காம விட்டுட்டேன்.”

“இனிமேலாவது பாத்து வேலை செய்ங்க” என்றார்கள் அப்பாவும் மகனும் ஒரே குரலில். கார் சந்தோஷமாகக் கிளம்பியது.

இரண்டு ரகசியமும் காதில் விழுந்த கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெட்கமாகவும் இருந்தது. சாவியைத் திரும்ப மேசையில் வைத்தார்.

“எனக்கும் ஒரு பையன் இருக்கான்மா. அவனுக்குத் தெரியாம என் வண்டியிலயும் கொஞ்சம்…”

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“ஆமா, இங்கதான் விடணும்னு அவன் ஏன் ஒத்தைக் கால்ல நின்னான்? ஏற்கெனவே உங்ககிட்ட ஏதாவது சொல்லி வச்சிருக்கானா?”

அக்கா சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டார்.

“அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன் சார்.”