கடைசி பெஞ்சு

குடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச காலத்துல மாசம் தவறாம திருவிருந்துக்கு முழங்கால் போட்ட மனுஷன், குடியை விட்ட பிறகு அந்தப் பக்கமே வராம இருந்தா நீங்க என்ன நினைப்பீங்க?

எங்க ஊரு எல்லாத்தையும் நினைச்சுருச்சு.

எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்துல எங்க ஊரு. சின்ன சர்ச்சு. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் வாங்க எல்லாரும் முன்னால போவாங்க. தாவீதுராஜ் அண்ணன் மட்டும் கடைசி பெஞ்சுல தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருப்பாரு. அவரு சம்சாரம் ஞானப்பூ மதினி தனியாப் போயி முழங்கால் போட்டுட்டு வருவாங்க.

மனசுல பகையை வச்சுக்கிட்டு அந்தக் கிண்ணத்துல வாய் வைக்கக் கூடாதுங்கிறது எங்க வழக்கம். வராத ஆளைப் பார்த்தா, யாரோட பகைன்னுதான் முதல்ல தேடுவாங்க.

"தம்பிகாரனோட வரப்புத் தகராறு. வேறென்ன இருக்கப் போகுது?" குழாயடியில ஷீலா ஆரம்பிச்சா.

"வரப்பும் இல்ல, வாய்க்காலும் இல்ல. இன்னும் ஒளிஞ்சு ஒளிஞ்சு ஊத்திக்கிறாரு. அந்தப் பயம்தான்." இது ஸ்டீபன் வீட்டுக்காரி.

அதுவரைக்கும் நானும் குடத்தைச் சாய்ச்சு வச்சு சுவாரசியமாத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். அடுத்து ஒண்ணு சொன்னா பாருங்க ஷீலா.

"இந்த ஜெபா காய்ச்சுற ரசத்துலதான் போதை ஏறுதாம். ஒரு வாய் பட்டாலும் பழைய குணம் திரும்பிரும்னு ஒதுங்கிட்டாராம்."

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. என் வீட்டுக்காரர்தான் சர்ச்சுல மணியடிக்கிறவர். ரசம் காய்ச்சுறது என் வேலை. உலர்ந்த திராட்சையை அவிச்சுப் பிழிஞ்சு, சீனியும் கிராம்பும் போட்டு இறக்குவேன். சட்டியில ஒட்டுன மிச்சத்தை என் மகன்தான் வழிச்சு நக்குவான்.

"அதுல போதைன்னா, எங்க வீட்டுல மூணு வயசுல ஒரு குடிகாரன் இருக்கணுமே!" சொல்லிட்டுக் குடத்தைத் தூக்கிட்டேன். விடுறதா இல்ல. அந்த மாசத்து ரசத்துல ஒரு டம்ளர் எடுத்துக்கிட்டு, மகனை இடுப்புல வச்சுக்கிட்டு, அண்ணனையே தேடிப் போனேன்.

ரோட்டோரம் லாரியில பருத்தி மூடை ஏத்திக்கிட்டு இருந்தாரு.

"அண்ணே, இதை மோந்து பாருங்க. போதை இருக்கா?"

சிரிச்சுட்டாரு. "போதை எப்படி இருக்கும்னு எனக்கே பாடம் எடுக்குறியா தாயி? இதுல ஒண்ணும் இல்ல. கிராம்புதான் கொஞ்சம் தூக்கல்."

"பிறகு ஏன் வரமாட்டேங்கிறீக? யாரோட பகை உங்களுக்கு?"

துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, என் கையில இருந்த டம்ளரைக் காட்டுனாரு.

"பிராந்தியை விட எனக்குப் பெரிய போதை இதுதான், ஜெபா."

எனக்கு விளங்கல.

"மாசம் பூராம் குடிப்பேன். முதல் ஞாயித்துக்கிழமை போயி இதை வாங்குவேன். நெஞ்சு பஞ்சா ஆயிரும். எல்லாம் கழுவியாச்சுன்னு ஒரு சந்தோசம் வரும் பாரு... அந்தச் சந்தோசத்துலயே சாயங்காலம் கடைக்குப் போயிருவேன்."

குரல் இறங்கிருச்சு.

"ஞானப்பூவுக்கு வலி கண்ட அன்னைக்கு, கார் பிடிச்சுட்டு வாரேன்னு டவுனுக்குப் போனவன் கடையில உக்காந்துட்டேன். பிள்ளை தங்கல. புதைச்ச மறுவாரமே திருவிருந்து. போயி வாங்கிக்கிட்டேன். எனக்கு லேசாயிருச்சு. அவளுக்கு?"

நான் டம்ளரைக் கையால மூடிக்கிட்டேன்.

"குடியை விட்ட பிறகுதான் அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னே தோணுச்சு. கேட்டேன். 'பாப்போம்'னா. அவ வாயால சொல்லட்டும். அன்னைக்கு முன்னால போறேன்."

எனக்குக் கோவம் அப்படியே மதினி பக்கம் திரும்பிருச்சு. நேரா அவுக வீட்டுக்குத்தான் போனேன். வாசல் முத்தத்துல பருத்தியைப் பரப்பி, தூசி தும்பு எடுத்துக்கிட்டு இருந்தாங்க.

"ஏன் மதினி, உங்களுக்கு நெஞ்சா, கல்லா? ஒரு வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்துருமா? ஊரே அவரைக் கள்ளன் மாதிரிப் பேசுது. அவரு உங்க வாயையே பார்த்துக்கிட்டுக் கடைசி பெஞ்சுல கிடக்காரு!"

மதினி கோவப்படல. என் மகனை வாங்கி மடியில வச்சு, தலையில ஒட்டுன பஞ்சை எடுத்தாங்க.

"நான் என்னைக்கோ மன்னிச்சுட்டேன், ஜெபா."

"அப்ப அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"சொன்னா அவுகளுக்கு லேசாயிரும்ல?"

நான் பருத்தியைத் தள்ளிவிட்டு அவுக பக்கத்துல உட்கார்ந்தேன்.

"லேசான அன்னைக்கெல்லாம் அவுக எங்க போவாகன்னு உனக்குத் தெரியாதா? இப்ப வேலை விட்டா நேரா வீடு. கஞ்சியக் குடிக்கும்போது கூட என் மூஞ்சியத்தான் பாக்குறாக. இன்னைக்குச் சொல்லிருவாளோ, இன்னைக்குச் சொல்லிருவாளோன்னு. கட்டுன நாள்ல இருந்து என் மூஞ்சிய அவுக ஒழுங்காப் பாத்ததே இப்பத்தான்."

சொல்லிட்டுச் சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல.

தெருவுல அண்ணனோட சைக்கிள் மணி கேட்டுச்சு. மதினி மகனை என் கையில கொடுத்துட்டு, சேலையில ஒட்டுன பஞ்சைத் தட்டிவிட்டு எழுந்திரிச்சாங்க. முகத்தைப் பழையபடி கடுகடுன்னு வச்சுக்கிட்டாங்க.

"ஊரு என்னையக் கல்நெஞ்சுக்காரின்னு சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டும். நான் மன்னிச்சதை மட்டும் அவுககிட்டச் சொல்லிராத, ஜெபா."