பெயர்க் கட்டத்தின் அகலம்

திண்டிவனம் அரிசி ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து கூலியாட்களின் வருகைப் பட்டியலை அச்சடிப்பது இருதயமேரிதான். பெயர்க் கட்டத்துக்கு ஒன்பது இங்கிலீஷ் எழுத்து அகலம் போதுமென்று புரோகிராமில் எழுதியிருந்தாள். மேஸ்திரி விருத்தாசலத்தின் பெயர் மட்டும் அதில் அடங்காமல் பாதியில் நிற்கும்.

"எம் பேர நறுக்கிட்டியேம்மா, இன்ஷியலையும் காணோம்" என்று சிரித்தபடி, அவள் மேசையில் வறுத்த மல்லாட்டைக் கடலையை வைத்துவிட்டுப் போவார்.

தை மாதம் அவர் இறந்துபோனார். அவர் பெயரை எடுத்துவிட்டு அச்சடித்தாள். பெயர்க் கட்டம் அகலமாக வந்தது. புரோகிராமில் ஒன்பதுதான் இருந்தது, தாளில் பதின்மூன்று. விருத்தாசலம் என்று இங்கிலீஷில் முழுசாக அடிக்க அவ்வளவு வேண்டும்.

"கடைசிக் கட்டம் தாளுக்கு வெளிய போவுது பாரு, ஜல்தி சரி பண்ணும்மா" என்றார் மேனேஜர்.

அவள் கடைசிக் கட்டத்தைக் குறுக்கினாள். பெயருக்குப் பதின்மூன்று என்றே மாற்றி எழுதினாள்.

"வச்சிக்கங்க மேஸ்திரி" என்றாள் மெதுவாக.

அச்சு ஓடி நின்றது. எண்ணிப் பார்த்தாள். பதினைந்து.

இன்ஷியலுக்கும் புள்ளிக்கும் இடம்.