அறுந்த கோடு

“அந்தக் கடைசிக் கோட்டை அறுத்து விடு.”

பாசன சங்கத் தலைவர் பஞ்சநதத்தின் விரல் கணினித் திரையில் பதிந்து நின்றது.

“மாட்டேன் தலைவரே,” என்றாள் சுடர்விழி.

திரை முழுக்கக் கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் கோடுகள். வயல்களில் நட்ட நீர்மட்ட அளவுக்கம்பங்கள் சொல்வதைக் கேட்டு, மோட்டார் மதகுகளைத் தானே ஏற்றி இறக்கும் நியூரல் நெட்வொர்க். ஒவ்வொரு கட்டமாக இழுத்து வைத்து, கோடு போட்டு இணைத்து, ஆறு மாதமாக அதைப் பழக்கியவள் அவள்தான். இன்று முதல் ஓட்டம்.

மேல் கட்டம் தலைமடை, பஞ்சநதத்தின் வயல். கீழ்க் கட்டம் கடைமடை, சுடர்விழியின் ஊர். வாய்க்காலில் வந்த சொற்பத் தண்ணீரை இரண்டுக்கும் பாதிப் பாதி என்று பிரித்திருந்தது இயந்திரம். கடைமடை வயல்களில் ஓர் அங்குலத் தண்ணீர்தான் மிச்சம். இந்த முறைத் தண்ணீரும் தவறினால் பயிர் கருகிவிடும்.

தன் வயல் நிரம்பாமல் ஒரு சொட்டு கீழே இறங்கக் கூடாது என்றார் பஞ்சநதம். சங்கத்து வேலை போய்விடும் என்று மிரட்டினார். போகட்டும் என்றாள்.

“உங்கப்பன் எங்க வயல்ல நாத்து பறிச்சவன். நீ எனக்குத் தண்ணி பங்கு வைக்கிறியா?”

“ஆமாங்க. அவர் பறிச்ச நாத்துதான் உங்க வீட்டுச் சோறு. பங்கு அப்பவே வச்சிருக்கணும்.”

மதகு பார்க்கும் லஸ்கர் கண்ணுசாமி வாசலில் நின்று இருமினார். சிரிப்பை மறைக்கத்தான்.

பஞ்சநதம் அவளை நகரச் சொல்லிவிட்டு மவுஸைப் பிடித்தார்.

“கோட்டுல என்ன ஓடுதுன்னு கேட்டுட்டு அறுங்க.”

“அம்பது வருஷமா வாய்க்கா பாக்குறவனுக்கு நீ சொல்லித் தர்றியா?”

கிளை வாய்க்காலை மண் வெட்டிப்போட்டு அடைப்பவரைப் போல, கீழ்க் கட்டத்திலிருந்து கிளம்பிய கோட்டை ஒரே அழுத்தில் அறுத்தார். அவள் மறுபடி ஒட்டிவிடாதபடி, மூன்று நாள் முறை முடியும்வரை பூட்டிவிடச் சொன்னார்.

“பூட்டினா நீங்களே கேட்டாலும் திறக்காது.”

“பூட்டு.”

பூட்டினாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கண்ணுசாமி மதகைப் பார்க்கப் போனார்.

போன வேகத்தில் திரும்பி வந்தார். “ஐயா, உங்க மதகு முழுசா மூடிக்கிச்சு. கடைமடை மதகு உச்சிக்கு ஏறி நிக்குது.”

பஞ்சநதம் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சுடர்விழி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அந்தக் கோட்டுல தண்ணி ஓடலீங்க. கடைமடையில எத்தனை அங்குலம் நிக்குதுங்கிற கணக்குதான் ஓடுச்சு. அறுத்தா வர்றது பூஜ்யம். அங்க பொட்டுத் தண்ணி இல்லைன்னு நினைச்சு, மிஷின் எல்லாத்தையும் அங்கேயே திருப்பிடுச்சு. நான் பாதிதான் கொடுத்தேன் தலைவரே, முழுசாக் கொடுத்தது நீங்க.”