நாலு நிறம் போதும்

"இன்னும் முடியலையா சார்?"

பக்கத்து வீட்டுப் பெண் பங்கஜம், மகளிர் கல்லூரி மாணவி. அவள் புதிராகச் சிலேட்டில் வரைந்து தந்த தேசப்படத்துக்கு நாலே நிறம் பூச வேண்டும். ஒட்டியிருக்கும் நாடுகளுக்கு ஒரே நிறம் கூடாது. ஒரு வாரமாக மாலைதோறும் வந்து கேட்டுச் சிரிப்பாள். கணக்குப் பேராசிரியர் விசுவநாதனும் சிரிப்பார்.

மாமியார் எதிரில் கணவன் பக்கம் போகாத பாகீரதி, வயிற்றெரிச்சலில் பயத்தையும் மறந்து அவரருகிலேயே வந்து நிற்பாள்.

இன்று அவர் குளிக்கப் போனதும், கலர்ச் சாக்கட்டிகளை எடுத்து அவளே பூசி முடித்தாள்.

"ஏன்னா, முடிச்சாச்சு. இனிமே அவளுக்கு இங்க என்ன வேலை?"

விசுவநாதனின் முகம் வாடியது. "நான் முதல் நாளே கண்டுபிடிச்சுட்டேன், பாகீ. அவ வந்தாத்தானே நீ என் பக்கத்துல வந்து நிக்கறே?"

பாகீரதி ஒரு நாட்டின் நிறத்தை மட்டும் முந்தானை நுனியால் துடைத்தாள்.