வலது காதில் அலை

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டியின் முதல் கட்டம் கடல் நீச்சல். பிறவியிலேயே பார்வையில்லாத பர்வீனின் தொடையையும், அவளுக்கு வழிகாட்டியாக நீந்திய எஸ்தரின் தொடையையும் ஒரு ரப்பர் கயிறு பிணைத்திருந்தது. தூரத்து மிதவையைச் சுற்றிவிட்டுக் கரையை நோக்கித் திரும்பிய கொஞ்ச நேரத்தில் மழை இறங்கியது. எஸ்தர் நீந்துவதை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான்கு பக்கமும் ஒரே வெள்ளை.

"பர்வீன், கரை தெரியல. பாதுகாப்புப் படகும் தெரியல."

பர்வீன் மிதந்தபடியே முகத்தை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பினாள். "மிதவையைச் சுத்தினதுலருந்து அலை என் வலது காதுல அடிச்சுதுக்கா. இப்ப நெத்தியில அடிக்குது. நாம வலப்பக்கமா திரும்பிட்டோம். எங்கூட வாங்க."

எப்போதும் எஸ்தர் இழுத்துக் காட்டும் கயிறு, இப்போது அவளை இழுத்தது. மூச்சுக்காகத் தலையைத் திருப்பும்போதெல்லாம் பக்கத்தில் அந்த முகம் தெரிந்தது. கடலைக் கண்டே இராத முகம். அதில் அவசரமே இல்லை.

காலில் மணல் தட்டியது. கரையில் யாரோ கைதட்டினார்கள். பர்வீனே குனிந்து கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். அடுத்து, முன்னால் இருப்பவர் திசை பிடிக்க, இருவரும் சேர்ந்து மிதிக்க வேண்டிய இரட்டைச் சைக்கிள் மழையில் நின்றிருந்தது.

"முன்னாடி யாருக்கா உக்கார்றது?" என்று கேட்டாள் பர்வீன்.